அத்தானின் எம்.ஜி.யும் ஓர் ஓவர்ட்ரைவ் பாடமும்

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தவன் நான். முப்பது வருடங்களுக்கு மேலாக அதிலேயே காலந்தள்ளிவிட்டேன். வாகனங்கள் தொடர்பான செய்தி ஏதும் மேசைக்கு வந்தால் அதைப் பக்கத்து மேசை நண்பரிடம் மெல்லத் தள்ளிவிடுவது எனது நீண்ட கால வழக்கம். அப்படிப்பட்டவன் ஒரு பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் ஓவர்ட்ரைவ் பற்றி எழுத முற்படுவதைக் கண்டு பழைய சகபாடிகள் நகைக்கக்கூடும். எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

2024 யூலையில் கொவென்ட்ரி நகரில் வசிக்கும் எனது அத்தானிடம் சென்றிருந்தேன். அக்காவை மணமுடித்து எழுபதுகளின் பிற்பகுதியிலேயே பிரித்தானியாவுக்குச் சென்றவர். பொறியியல் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா 2021 பெப்ரவரியில் கொரோனாத் தொற்றினால் காலமானார். பிரயாணம் செய்யமுடியாத காலம் அது. கொழும்பில் எனது அறையில் இருந்தபடி, கணினித் திரையில், முப்பது பேருக்கு மேல் அனுமதிக்கப்படாத ஓர் இறுதிக் கிரியையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னர் தொலைபேசியில் எத்தனையோ தடவைகள் அத்தானுடன் பேசியிருப்பேன். அக்காவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைதானும் சொன்னதில்லை. கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை.

அத்தானிடம் 1972ஆம் ஆண்டு தயாரிப்பான எம்.ஜி.பி. ரகக் கார் ஒன்று உண்டு. கரும்பச்சை நிறம், இரண்டு ஆசனங்கள், மடித்து வைக்கக்கூடிய கான்வஸ் கூரை. அதை அவர் 1984இல் இரண்டாம் கையாக வாங்கினார். அக்காவுக்கு அந்தக் காரில் பெரிய பிரியம் கிடையாது. “கதைக்கிறது ஒண்டும் கேக்காது” என்பது அவரது நிரந்தர முறைப்பாடு. இப்போது அத்தானுக்கு இரு கண்களிலும் பார்வையின் மையம் மங்கிவருகிறது. சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். காரை விற்பதென்றும் முடிவு செய்திருந்தார். விற்பதற்கு முன்னர் அது பிறந்த அபிங்டன் நகருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்பது அவரது ஆசை. காப்புறுதிப் பத்திரத்தில் எனது பெயரையும் சேர்த்துவிட்டே என்னை அழைத்திருந்தார் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

“கார் ஓட்டத் தெரிஞ்சால் காணாது. ஓவர்ட்ரைவ் பாவிக்கத் தெரியவேணும்” என்று சொல்லி, முதல் நாளிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வைத்துப் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார்.

எம்.ஜி.பி.யில் நான்கு முன் கியர்கள். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். வளைந்து நெளிந்து கிராமங்களினூடாகச் செல்லும் ஒடுங்கிய வீதிகளில், அடிக்கடி கியர் மாற்றாமல் இழுத்துச் செல்வதற்கு ஏற்றதாகவே அவற்றின் பல்லிணைப்பு அமைக்கப்பட்டிருந்தது. அங்கே முதலாவது அதிவேக நெடுஞ்சாலைப் பகுதி பிரெஸ்டன் நகரருகே 1958இல்தான் திறக்கப்பட்டது. எம்.1 நெடுஞ்சாலையின் முதற் கட்டம் 1959இல் திறக்கப்பட்டபோது, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடிப் பழக்கமில்லாத கார்கள் பல வீதியோரத்தில் கொதித்து நின்றன. நான்காவது கியரில் 70 மைல் வேகத்தில் ஓடும் எம்.ஜி.பி.யின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3900 தடவைகள் சுழல்கிறது. ஓட முடியாத வேகமல்ல. ஆயினும் பக்கத்தில் இருப்பவருடன் பேசமுடியாத வேகம்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்ததே ஓவர்ட்ரைவ். அதை வடிவமைத்தவர் கப்டன் எட்கார் டி நோர்மன்வில் என்பவர். பொறியியலாளரான இவர் தொழில்நுட்பப் பத்திரிகையாளராகவும் விளங்கியவர் என்று அத்தான் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் உலகுக்கு உருப்படியாக ஏதாவது கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று கேள்விப்படுவது அடிக்கடி வாய்க்கின்ற அனுபவமா என்ன? ஷெஃபீல்ட் நகரின் லேகொக் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1948இல் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரில் முதலில் வந்தது. பின்னர் ட்ரயம்ஃப், ஜாகுவார், ஒஸ்ரின் ஹீலி, வொல்வோ என்று பலவற்றிலும் இடம்பிடித்தது. ஐந்தாவது கியர் சர்வசாதாரணமாகிவிட்ட எண்பதுகளில் அதன் காலம் முடிந்தது.

அதன் உள்ளமைப்பை விளக்குவதற்கு அத்தான் யாழ்ப்பாணத்துச் சைக்கிளைத்தான் துணைக்கு அழைத்தார். பழைய றலி சைக்கிள்கள் சிலவற்றில் பின்சில்லின் நடுவே மூன்று வேகங்கள் கொண்ட ஒரு குடம் இருக்குமல்லவா? ஏறக்குறைய அதே தத்துவம்தான். நடுவில் ஒரு சூரியப் பற்சில்லு. அதைச் சுற்றி மூன்று கோள் சில்லுகள். அவற்றைச் சூழ, உட்பக்கம் பற்கள் கொண்ட ஒரு வளையம். சாதாரண ஓட்டத்தில் பலமான சுருள்வில்கள் ஒரு கூம்பு வடிவ கிளட்சை அந்த வளையத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். அப்போது எல்லாம் ஒரே கட்டியாகச் சுழலும். சாரதி சுவிட்சைப் போட்டதும் மின்காந்தம் ஒரு வால்வை இயக்க, சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 இறாத்தல் அழுத்தத்தில் எண்ணெய் பாய்ந்து அந்தக் கூம்பை மறுபக்கம் தள்ளும். அது அங்கே அசையாது நிற்கும் ஒரு தடுப்பு வளையத்தில் போய் இறுகிக்கொள்ளும். சூரியச் சில்லு நின்றுவிடும். நின்றுவிட்ட சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருள, வெளிவளையம் வேகமாகச் சுழலும். எஞ்சின் 82 சுற்றுச் சுற்றினால் வெளியே 100 சுற்றுக் கிடைக்கும். 70 மைல் வேகத்தில் 3900 சுற்று, 3200 சுற்றாகக் குறையும்.

“வேகமாய் ஓடுறதுக்கெண்டு நினைச்சுத்தான் கனபேர் இதைப் போடுறவை. அதே வேகத்திலை எஞ்சினை ஆறுதலாய் ஓடவிடுறதுக்குத்தான் இது” என்றார் அத்தான்.

மறுநாட் காலை புறப்பட்டோம். எம்.40 நெடுஞ்சாலையில் ஏறி நான்காவது கியரில் 65 மைல் வேகத்தை எட்டியதும் எஞ்சினின் இரைச்சலும் கான்வஸ் கூரையின் படபடப்பும் சேர்ந்து காதை அடைத்தன. அந்த இரைச்சல் எனக்குப் புதியதல்ல. நான் கார் ஓட்டப் பழகியது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், அப்பாவின் மொறிஸ் மைனரில். பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணிற் படாத காலம். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். புகை கக்கி, இடித்து இடித்து ஓடும். இரைச்சல் கொஞ்சம் மாறினாலும் அப்பா “காலை எடு, காலை எடு” என்று பதறுவார். எஞ்சின் போனால் மாற்று எஞ்சினுக்கு எங்கே போவது? ஆகவே, சத்தத்தில் மாற்றம் கேட்டவுடனேயே அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் பழக்கம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

அத்தான் “இப்ப போடு” என்றார். சுவிட்சைத் தட்டினேன். எஞ்சினின் குரல் தாழ்வதைக் கேட்டதும் பழைய பழக்கத்தில் காலையும் எடுத்துவிட்டேன். காரின் கழுத்தைப் பிடித்து உலுக்கியது போல ஒரு குலுக்கல்.

“காலை எடுக்காதை தம்பி. கிளட்சையும் மிதிக்காதை. கால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது தன்ரை வேலையைத் தானே பாக்கும்.”

அது ஏன் என்பதை முதல் நாளிரவே அவர் சொல்லியிருந்தார். கை பழகாததை மூளை நினைவில் வைத்திருப்பதில்லை. கூம்பு ஓரிடத்தை விட்டு மறுபக்கம் போய்ச் சேரும் அந்தக் கண நேரத்தில், ஒரு திசையில் மாத்திரம் பற்றிக்கொள்ளும் உருளைக் கிளட்ச் ஒன்று எஞ்சினின் இழுவையைத் தாங்கிக்கொள்கிறது. கால் அக்சிலேட்டரில் இருந்தால் அந்தக் கைமாற்றம் நடப்பதே தெரியாது. வெளியே எடுக்கும்போது இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். அப்போது எஞ்சின் 3200இலிருந்து 3900 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். கால் சற்று அழுத்தியபடி இருந்தால் எஞ்சின் தானாக ஏறிவந்து மெல்லப் பற்றிக்கொள்ளும். காலை எடுத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினால், உறங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினை அந்தக் கூம்பு கிளட்ச் தரதரவென்று இழுத்து எழுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு இழுவையும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இரண்டாவது தடவை காலை அசைக்காமல் தட்டினேன். இரைச்சல் மெதுவாகக் கீழிறங்கியது. யாரோ பக்கத்து அறைக் கதவைச் சாத்தியது போலிருந்தது. வேகம் குறையவில்லை.

சிறிது தூரம் சென்றதும் அத்தான், “உன்ரை கொக்கா கதைக்கத் தொடங்கினால் நான் உடனை இதைப் போடுறனான். இல்லாட்டி ‘என்ன, என்ன’ எண்டு கேட்டே வழி முடிஞ்சிடும்” என்றார். பிறகு சற்று நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் மூன்று வருடங்களாகச் சொல்லாதவற்றைச் சொல்லத் தொடங்கினார். வீட்டு வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றதும், கூடவே ஏற முடியாதென்று அவர்கள் தயவாகச் சொன்னதும், சப்பாத்தை எடுத்துக்கொடுக்க மறந்துவிட்டோமே என்று அன்றிரவு முழுவதும் அவர் நினைத்துக்கொண்டிருந்ததும். பன்னிரண்டு நாட்கள். மருத்துவத் தாதி ஒருவர் தொலைபேசியை அக்காவின் காதருகே பிடித்திருக்க...

அந்த இடத்தில் பன்பரியை நோக்கிய ஒரு நீண்ட ஏற்றம் குறுக்கிட்டது. கார் தயங்கியது. அத்தான் பேச்சை நிறுத்திவிட்டு “எடு” என்றார். காலை அழுத்தியபடியே தட்டினேன். எஞ்சின் குரலெடுத்து ஏறத் தொடங்கியது. ஏற்றத்திலோ, ஒரு லொறியைத் தாண்டும்போதோ ஓவர்ட்ரைவை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கியர்த் தடியைத் தொடாமலே ஒரு படி இறங்கியதற்குச் சமன் அது. மூன்றாவது கியரிலும் அது வேலை செய்யும். அந்தக் கியரின் விகிதம் 1.38. ஓவர்ட்ரைவோடு அது சுமார் 1.13 ஆகிவிடுகிறது, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இன்னொரு படி. 40 மைல் வேகத்தில் நான்காவது கியரில் ஓவர்ட்ரைவைப் போட்டுவிட்டு எஞ்சினை 1800 சுற்றில் முக்கி முனகவைப்பது அதற்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அப்படியே, மிகுந்த வேகத்தில் திடீரென்று வெளியே எடுத்து எஞ்சினை அதன் எல்லைக்கு அப்பால் சுழலவைப்பதும் தவறு.

ஏற்றம் முடிந்தது. வீதி சமதரையாயிற்று. அவர் எதுவும் சொல்லவில்லை. நானாகவே சுவிட்சைத் தட்டினேன். இரைச்சல் அடங்கியது. அவர் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

“தாதிப் பிள்ளை போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. ‘தேத்தண்ணி குடிச்சிட்டன்’ எண்டு சொன்னன். நாப்பது வருசமாய் வேலையாலை வந்தவுடனை அவ கேக்கிறது அதைத்தானே.”

நான் வீதியைப் பார்த்தபடியே ஓட்டினேன். எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஒக்ஸ்ஃபோர்டுக்கு முன்னதாகத் தேநீர் அருந்துவதற்காக நெடுஞ்சாலையோரச் சேவை நிலையமொன்றுக்குத் திரும்பினோம். இறங்கும் பாதையில் சுவிட்சை எடுத்தேன். எஞ்சினின் குரலில் மாற்றம் எதுவும் கேட்கவில்லை. மனம் வேறெங்கோ இருந்ததால் அதை நான் பொருட்படுத்தவில்லை. தரிப்பிடத்தில் கார் கோணலாக நின்றது. நேராக்குவதற்காக றிவேர்ஸ் கியரில் கையை வைத்தேன். அத்தான் எனது மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

“பின்னுக்கு எடுக்காதை! அது இன்னும் விடேல்லை.”

கண் மங்கியவருக்குக் காது துலங்குகிறது போலும். முதலாவது கியரில் கார் கனத்து நகர்ந்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. பழைய கைந்நூல்கள் எல்லாம் எச்சரிக்கும் விடயம் இது. ஓவர்ட்ரைவ் பிடித்திருக்கும் நிலையில் காரைப் பின்னோக்கிச் செலுத்தினால், கூம்பு ஒரு புறம் தடுத்துப் பிடிக்க, உருளைக் கிளட்ச் மறுபுறம் இறுக, உள்ளே ஏதாவது ஒன்று உடைந்தே ஆகவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, இறங்கிக் கையால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். கார் ஓர் அங்குலம்தானும் அசையவில்லை. சுவரொன்றில் முட்டிக்கொண்டு நிற்பது போல் நின்றது. தேநீர் குடித்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வந்து மீண்டும் தள்ளினேன். சாதுவாகப் பின்னால் உருண்டது.

“இண்டைக்கு இனி அதைத் தொடவேண்டாம்” என்றார்.

எனவே, எஞ்சிய தூரத்தை 55 மைல் வேகத்தில், முழு இரைச்சலோடு கடந்தோம். பேச்சு எதுவும் இல்லை. 1962இலிருந்து 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி.க்களை உருவாக்கிய அபிங்டன் தொழிற்சாலை இன்று அங்கே இல்லை. அது 1980 ஒக்டோபரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வேறு கட்டடங்கள். அத்தான் காரின் பக்கத்தில் நின்றார். நான் ஒரு படம் எடுத்தேன். பார்ப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. அதற்காகத்தான் வந்தோமா என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினோம். அத்தான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் கீழே படுத்திருந்தபடி திறந்தேன். ஓவர்ட்ரைவின் எண்ணெய் வடிகட்டியில் கறுத்த களி அப்பியிருந்தது. எண்ணெய் திரும்பிப் பாயவேண்டிய நுண்ணிய துவாரமொன்று பாதி அடைபட்டிருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள். வடிகட்டியை எவரும் கழற்றிப் பார்க்கவில்லை. கியர்ப் பெட்டியும் ஓவர்ட்ரைவும் ஒரே எண்ணெயில்தான் ஓடுகின்றன. எம்.ஜி.பி.க்கு அது சாதாரண 20/50 எஞ்சின் ஒயில். உராய்வைக் குறைப்பதற்கென்று கடைகளில் விற்கும் சேர்மானங்களை அதில் ஊற்றக்கூடாது. உராய்வினால் பிடிக்க வேண்டிய கூம்பு வழுக்கத் தொடங்கிவிடும். ஓவர்ட்ரைவ் வேலை செய்யாவிட்டால் முழுப் பெட்டியையும் இறக்குமாறு எவர் சொன்னாலும், முதலில் எண்ணெயின் அளவையும், பிறகு மின்கம்பிகளையும், கியர்ப் பெட்டியில் உள்ள சிறு சுவிட்சையும் பார்க்க வேண்டும் என்பது அத்தானின் கட்டளை. அநேகமான நோய்கள் அங்கேதான் இருக்கும் என்பார்.

வேலை முடிந்து கைகளைத் துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றியுள்ள வீதிகளில் ஓட்டிப் பார்த்தோம். போட்டதும் பிடித்தது, எடுத்ததும் விட்டது. பின்னோக்கியும் உருண்டது.

காரை வாங்க வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். இந்தக் காலத்து ஐந்து கியர்ப் பெட்டியொன்றைப் பொருத்திவிடலாமென்று முதலில் எண்ணியிருந்தாராம். அத்தான் அவரைப் பக்கத்தில் இருத்தி, என்னை ஓட்டவிட்டு, போடுவதையும் எடுப்பதையும் காட்டியதன் பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அவரிடம் கொடுப்பதற்காக அத்தான் ஆங்கிலத்தில் ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தார். “நீ பேப்பர்க்காரன். பிழை திருத்தித் தா” என்று அதை என்னிடம் நீட்டினார்.

காலை எடுக்காதீர்கள், கிளட்ச் தேவையில்லை, ஏற்றத்துக்கு முன்னர் வெளியே எடுங்கள், அது விட்டுவிட்டதா என்று தெரியாமல் பின்னோக்கிச் செலுத்தாதீர்கள், வடிகட்டியை மறக்காதீர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஒரு நீண்ட வசனத்தை இரண்டாக உடைத்தேன். கடைசி வரி மட்டும் பென்சிலால் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது. பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், வீதியும் சமதரையாக இருந்தால், தாமதிக்காமல் அதைப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்.

பிறர் எழுதியதை வெட்டுவதே தொழிலாகக் கொண்டவன் நான். அந்த வரியில் கைவைக்கவில்லை. பென்சில் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, அதன் மேல் பேனாவால் ஒருமுறை எழுதிக் கொடுத்தேன்.